உக்கிராணத்துவம்: காணிக்கைப் பைக்கு வெளியே ஓர் எளிய விளக்கம்

சபையின் வரவு செலவில் துண்டு விழும் மாதங்களில்தான் பெரும்பாலான ஆலயங்களில் 'உக்கிராணத்துவம்' என்ற சொல் பிரசங்க பீடத்துக்கு வருகிறது. அதனால் கேட்பவர்கள் மனதில் அது காணிக்கைக்கு வைத்த மரியாதையான பெயர் என்றே பதிந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளியில் அதே பொருள் வேறு உருவத்தில் வருகிறது. நன்றாகப் பாடும் பிள்ளையைப் பார்த்து, "ஆண்டவர் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காதே" என்கிறோம். பாட வராத பிள்ளை, தனக்கு எதுவும் தரப்படவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. இரவு தொலைக்காட்சியைத் திறந்தால், இன்று ஆயிரம் ரூபாய் விதைத்தால் நாளை லட்சமாக அறுக்கலாம் என்று ஒருவர் அதே வசனங்களை வைத்துக்கொண்டே உறுதி சொல்கிறார்.

ஒரு நல்ல உபதேசம் இப்படி மூன்றாக உடைந்து கிடக்கிறது. உடைந்த துண்டுகளால் காயப்பட்டவர்களும் உண்டு. கொடுக்க முடியாத குற்ற உணர்வில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தியவர்கள், கடன் வாங்கி 'விதைத்து' ஏமாந்தவர்கள், தனக்கு வரமே இல்லை என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டவர்கள். அவர்களுக்காகவும், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்காகவும் இதை அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன். வேதசாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

சாவி ஒருவர் கையில், சரக்கு வேறொருவருடையது

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையையொட்டி அசனம் நடக்கும். ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற சபை விருந்து அது. அதற்கான அரிசி மூட்டை, தேங்காய், காய்கறி, எண்ணெய் எல்லாம் பல வீடுகளிலிருந்து வந்து ஓர் அறையில் சேரும். அந்த அறைதான் உக்கிராணம். நம்பிக்கையான ஒருவரிடம் அதன் சாவியைக் கொடுப்பார்கள். சமையல்காரர் வந்து கேட்கக் கேட்க அவர் அளந்து கொடுப்பார்.

அந்த மனிதரின் நிலையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அறையில் இருக்கும் ஒரு தேங்காயும் அவருடையதல்ல. ஆனாலும் அவர் வெறும் காவலாளியும் அல்ல. முதல் பந்திக்கு எவ்வளவு அரிசி போடுவது, மழை வந்து கூட்டம் குறைந்தால் எதை நிறுத்தி வைப்பது, எண்ணெய் தீர்ந்தால் யாரை அனுப்புவது என்றெல்லாம் அவர்தான் முடிவு செய்யவேண்டும். அதிகாரம் நிஜமானது. அதே நேரம் அந்த அதிகாரத்துக்கு ஒரு திசை உண்டு. சரக்கு அறையிலிருந்து இலைக்குப் போவதற்காகவே அங்கே வந்தது. கடைசிப் பந்தியில் ஜனங்கள் சோறில்லாமல் எழுந்துபோக, அறையில் பத்து மூட்டை அரிசி அப்படியே இருந்தால், "நான் ஒரு படிகூடத் திருடவில்லையே" என்று அவர் சொல்வது எடுபடுமா? எல்லாம் முடிந்தபின் விழாக் கமிட்டியிடம் கணக்கும் சொல்லவேண்டும்.

இதிலிருந்து நம் சொல்லுக்கு ஒரு விளக்கம் எடுத்துக்கொள்ளலாம். உக்கிராணத்துவம் என்பது, மற்றொருவருக்குச் சொந்தமானதை, அவருடைய மனதை அறிந்து, அவர் யாருக்காகத் தந்தாரோ அவர்களுக்காக, கணக்குக் கொடுக்கும் பொறுப்போடு நிர்வகிப்பது. அப்படி நிர்வகிக்கிறவரே உக்கிராணக்காரர். கிறிஸ்தவ வாழ்க்கையில் அந்த 'மற்றொருவர்' தேவன். நிர்வகிக்கப்படுவது காணிக்கைப் பையில் போடும் தொகை மட்டும் அல்ல. உயிர், உடம்பு, நேரம், படிப்பு, வேலை, வீடு, நிலம், கேட்ட சுவிசேஷம் எல்லாமே.

வேதாகமத்தில் இதற்கு முதல் பெரிய உதாரணம் யோசேப்பு. எகிப்தில் போத்திபாரின் வீட்டுக்கு அடிமையாக விற்கப்பட்டவன். ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தின்படி, எஜமான் தான் சாப்பிடும் போஜனத்தைத் தவிர வேறொன்றையும் விசாரிக்காத அளவுக்கு எல்லாவற்றையும் அவன் கையில் விட்டுவிட்டான். அவ்வளவு சுதந்தரம் இருந்தும், எஜமானின் மனைவி வற்புறுத்தியபோது, எது தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டது, எது ஒப்புவிக்கப்படவில்லை என்ற கோடு யோசேப்புக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுக்காக அவன் சிறைக்கும் போனான்.

'நான் உழைத்துச் சம்பாதித்தது' என்பது பொய்யா?

"பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது" என்று 24ஆம் சங்கீதம் தொடங்குகிறது. ஆலயத்தில் இதைப் பாடும்போது யாரும் மறுப்பதில்லை. சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருக்கும்போதுதான் மறுப்பு வருகிறது. விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்தது நான், முதுகு வலியோடு நின்று வேலை செய்தது நான், இது எப்படி தேவனுடையது?

நியாயமான கேள்வி. உபாகமம் 8ஆம் அதிகாரம் இதே கேள்வியை எதிர்பார்த்துப் பேசுகிறது. என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தைத் தந்தது என்று சொல்லத் தோன்றும். அப்போது அந்தப் பெலனைக் கொடுத்தவர் யார் என்பதை நினைத்துக்கொள் என்கிறது. உழைப்பை அது பொய்யாக்கவில்லை. உழைத்த கைக்குப் பின்னால் போகச் சொல்கிறது. கற்றுத்தந்த ஆசிரியர், வளர்த்த தாய், பெய்த மழை, நோய் தாக்காத வருஷங்கள், இவற்றில் எதையும் நாம் சம்பாதிக்கவில்லை. "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கொரிந்து சபையைக் கேட்டதும் இதைத்தான்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மனிதருக்கு நடுவே உங்கள் நிலம் உங்கள் நிலம்தான். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதை யாரும் பிடுங்கக்கூடாது. அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் அனனியாவிடம் பேதுரு, நிலம் விற்கப்படுமுன் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்று கேட்கிறார். அனனியாவின் தவறு நிலத்தை வைத்திருந்ததல்ல, விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததுபோலப் பொய் சொன்னது. ஆகவே, "எல்லாம் கர்த்தருடையது, எனவே சபைக்கு எழுதிக்கொடு" என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதரை நெருக்க இந்த உபதேசத்தில் இடமில்லை. தேவனுக்கு முன்பாகத்தான் நாம் சொந்தக்காரரல்லர். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலத்தைப்பற்றி அப்படித்தான் பேசுகிறது: தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள். அதனால்தான் இஸ்ரவேலில் நிலத்தை அறுதியாக விற்க முடியாது. ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டில் அது பழைய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டால் தசமபாகக் குழப்பமும் தெளியும். தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. பலர் மனதில் இருக்கும் கணக்கு: ஒரு பங்கு தேவனுக்கு, ஒன்பது பங்கு எனக்கு, ஒன்றைக் கொடுத்துவிட்டால் ஒன்பதைப்பற்றி யாரும் கேட்கக்கூடாது. உக்கிராணக்காரர் இப்படி நினைக்க முடியாது, பத்துமே ஒப்புவிக்கப்பட்டவை. பழைய ஏற்பாட்டில் தசமபாகம் போன இடத்தையும் பாருங்கள். ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட, சொந்த நிலமில்லாத லேவியர் கோத்திரத்தாருக்குப் போனது. உபாகமம் 14இன்படி மூன்றாம் வருஷத்தில் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடையும்படி அந்தந்த ஊரிலேயே வைக்கப்பட்டது. வெந்தயத்திலும் சீரகத்திலும்கூட எண்ணிப் பத்தில் ஒன்று செலுத்திய பரிசேயரிடம், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு கேட்டார். இன்றைய சபைக்கு தசமபாகம் கட்டளையா, நல்ல பழக்கமா என்பதில் சபைகளுக்குள்ளே ஒரே கருத்து இல்லை. நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். அதை ஒரு பில்லைக் கட்டி முடிப்பதுபோல முடித்துக்கொள்வது ஆபத்து.

இதுவரை பார்த்தது இவ்வளவே. எல்லாம் தேவனுடையது, நம்மிடம் இருப்பது ஒப்புவிக்கப்பட்டது. உழைப்பும் உரிமையும் மனிதருக்கு நடுவே நிஜமானவை. தேவனுக்கு முன் அவையும் பெற்றுக்கொண்டவையே.

மண்ணைத் தோண்டியவன் செய்த தவறு என்ன?

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தாலந்து உவமையை அறியாத கிறிஸ்தவர் இருக்கமாட்டார். அதிகம் தவறாக வாசிக்கப்படும் உவமையும் இதுதான். தூரதேசம் போகும் எஜமான் தன் ஆஸ்தியை மூன்று ஊழியக்காரரிடம் ஒப்புவிக்கிறார்: ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் நிலத்தில் புதைத்து வைக்கிறான்.

தாலந்து என்பது முதலில் ஓர் எடை, பிறகு அந்த எடையுள்ள பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தினாரி. மத்தேயு 20இல் திராட்சத்தோட்ட வேலையாளுக்குப் பேசிய ஒருநாள் கூலி ஒரு தினாரி. அப்படியானால் ஒரே ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் ஏறக்குறைய 20 வருஷச் சம்பாத்தியம். இன்றைய நாள் கூலியை 600 ரூபாய் என்று வைத்தால் 36 லட்சம் ரூபாய். கொஞ்சமாகக் கிடைத்தவன் என்று நாம் பரிதாபப்படும் அந்த மூன்றாமவன் கையில் இருந்தது அவ்வளவு. பாட வராத அந்தப் பிள்ளைக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான்: இந்த உவமையில் வெறுங்கையோடு விடப்பட்டவர் யாரும் இல்லை, சிறிய தொகை பெற்றவரும் இல்லை.

அடுத்து, எஜமான் திரும்பிவந்து சொன்ன பாராட்டு. ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் அவர் சொன்ன வார்த்தைகள் ஒன்றே: "நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே, கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்." 21ஆம் வசனத்தையும் 23ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். லாபத்தில் மூன்று தாலந்து வித்தியாசம், அதாவது 60 வருஷக் கூலி வித்தியாசம். பாராட்டில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. தாலந்துகள் "அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக" கொடுக்கப்பட்டவை என்பதால், இவன் ஏன் அவனளவு கொண்டுவரவில்லை என்ற கேள்வியே எழவில்லை. கணக்கு எண்ணிக்கையில் கேட்கப்பட்டது, மதிப்பெண் உண்மைக்குக் கொடுக்கப்பட்டது. உக்கிராணக்காரரிடம் தேவைப்படுவது உண்மை என்று 1 கொரிந்தியர் 4:2 சொல்வதும் இதனோடு சேரும். பெரிய ஊழியம், பெரிய கூட்டம், பெரிய கட்டிடம் என்று ஒப்பிட்டு மனம் நொந்துபோகிற எத்தனையோ சபை ஊழியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

இனி மூன்றாமவன். அவன் திருடவில்லை, செலவழிக்கவில்லை, சூதாடவில்லை. வங்கிப் பெட்டகம் இல்லாத காலத்தில், ஒப்படைத்த பணத்தை மண்ணில் புதைத்து வைப்பது பொறுப்பான வழியாகவே எண்ணப்பட்டது. பண்டைய யூத ரபீமார்களின் மரபிலும் அந்தக் கருத்து உண்டு. பிறகு ஏன் அவன் 'பொல்லாதவன், சோம்பன்' எனப்பட்டான்?

அவன் பேச்சிலேயே காரணம் இருக்கிறது. முதல் இருவரும், "என்னிடத்தில் ஒப்புவித்தீரே" என்று எஜமானின் நம்பிக்கையிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். இவனோ, நீர் கடினமுள்ள மனுஷன், விதைக்காத இடத்தில் அறுக்கிறவர் என்று எஜமானின் குணத்தைக் குறைகூறித் தொடங்குகிறான். அதன்பின்தான், "நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன்" என்கிறான். 36 லட்சத்தை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒருவரை, பிடுங்குகிறவர் என்று பார்த்தது அவன் கண். அந்தப் பயத்தில் குழி தோண்டினான். எஜமானைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான் வேர். புதைத்தது அதிலிருந்து முளைத்தது.

எஜமானின் பதிலும் கவனிக்கத்தக்கது. காசுக்காரரிடம் போட்டிருந்தால்கூட வட்டியோடு வாங்கியிருப்பேனே என்கிறார். எதிர்பார்த்தது இரட்டிப்பு லாபம் அல்ல. ஏதோ ஓர் அசைவு. குறைந்தபட்ச முயற்சியையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தவரைத்தான் அவன் கடினமானவர் என்றான்.

ஆகவே இந்த உவமையைப் பயமுறுத்தப் பயன்படுத்துவது, மூன்றாமவனின் வாயால் பிரசங்கிப்பதற்குச் சமம். "நீ உபயோகிக்காவிட்டால் பிடுங்கிவிடுவார்" என்று பிள்ளைகளை மிரட்டும்போது, எஜமானைப்பற்றி அவன் வைத்திருந்த அதே சித்திரத்தை நாம் அவர்களுக்குக் கொடுக்கிறோம். பயந்த பிள்ளை மண்ணைத்தான் தோண்டும்.

வியாபாரம் செய்வது என்றால் என்ன என்பதற்கு அதே அதிகாரத்தில் அடுத்து வரும் பகுதி வெளிச்சம் தருகிறது: பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள், வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள். தாலந்து புழங்கவேண்டிய சந்தை அது.

வரம் மேடையில் மட்டும் இருப்பதில்லை

வரம் என்பது தேவன் கிருபையாகத் தரும், பிறருக்குப் பயன்படவேண்டிய ஆற்றல். 1 பேதுரு 4:10 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: அவனவன் பெற்ற வரத்தின்படியே, தேவனுடைய பற்பல ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல, ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள். வைத்திருப்பவரின் அலங்காரத்துக்காக வரம் தரப்படவில்லை. ரோமர் 12இல் பவுல் தரும் பட்டியலில் தீர்க்கதரிசனத்தோடும் போதிப்பதோடும் ஊழியம் செய்வது, பகிர்ந்துகொடுப்பது, இரக்கம் செய்வது ஆகியவையும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி யோப்பா பட்டணத்துத் தொற்காள். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் அவள் பேசிய ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. அவள் இறந்தபோது விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டு பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடு இருக்கையில் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டினார்கள். ஊசியும் நூலும் அவளுக்கு ஒப்புவிக்கப்பட்டவை. அவள் கணக்கை அவளால் உடுத்தப்பட்டவர்களே கொண்டுவந்து காண்பித்தார்கள்.

ஆஸ்பத்திரி வரிசையில் படிக்கத் தெரியாத ஒருவருக்குச் சீட்டை வாசித்துச் சொல்கிற பொறுமை, சண்டை போட்ட இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுகிற நிதானம், வரவு செலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிற கை, இவற்றுக்கெல்லாம் நம் ஆலயங்களில் பரிசளிப்பு விழா கிடையாது. இருந்தாலும் சபை நடப்பது பெரும்பாலும் இவர்களால்தான்.

உடம்பும் நேரமும் மண்ணும் இதே கணக்கில் வருகின்றன. ஏதேனில் மனுஷனை வைத்தபோது, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. பயன்படுத்துவது மட்டும் அல்ல, காப்பதும் வேலையின் பாதி. குளத்தையும் ஓடையையும் கெடுத்துவிட்டு, லாபத்தில் பத்தில் ஒன்றை ஆலயத்துக்குக் கொடுப்பதால் அந்தப் பாதி நிறைவேறாது.

பணத்தைப்பற்றி வெளிப்படையாக

காணிக்கை மட்டுமே உக்கிராணத்துவம் அல்ல என்றேன். பணம் இதில் சேராது என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. நம் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பதைப் பணம்போல வேறெதுவும் காட்டிக்கொடுப்பதில்லை.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெதடிஸ்ட் எழுப்புதலைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தோழர்களில் ஒருவரைப்பற்றி எழுதினார். அது அவரேதான் என்பது பலருடைய கருத்து. அந்த மனிதருக்கு முதல் வருஷம் 30 பவுண்டு வருமானம். 28இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 பவுண்டு வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62ஐக் கொடுத்தார். வருமானம் உயர்ந்தபோது அவருடைய வாழ்க்கைச் செலவு உயரவில்லை, கொடுப்பது உயர்ந்தது. பிள்ளைகளின் படிப்பும் வயதான பெற்றோரின் மருந்தும் சுமக்கிற குடும்பத்துக்கு இதை அப்படியே சட்டமாக்க முடியாது. ஆனால் சம்பளம் கூடியவுடன் வண்டியும் வீடும் பெரிதாகவேண்டும் என்பது எழுதப்படாத விதிபோல நம்மிடம் இருக்கிறதே, அந்த விதியை யார் போட்டது என்று கேட்க இது தைரியம் தருகிறது. நன்றாகச் சம்பாதியுங்கள், சேமியுங்கள், கொடுங்கள் என்பது வெஸ்லியின் போதனை. சம்பாதிப்பதற்கும் அவர் வரம்பு வைத்தார்: தன் உடல்நலத்தையோ அயலாரின் வாழ்வையோ கெடுத்துச் சம்பாதிக்கலாகாது.

ஏழைகளுக்கு இதில் பங்கில்லையா? மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவ வீடுகளில் 1910 முதல் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஊழியங்களுக்குச் செலவிடும். புஃபாய் தாம் என்பது அதன் பெயர். அடுப்படியில் நிற்கிற பெண்களின் கையிலிருந்து அது தொடங்கியது. நம் பக்கத்தில், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியாவும் தோழர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பத் தீர்மானித்தார்கள். அசரியா 1912இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். வாங்குகிற சபையாகவே இருந்துவிடாமல் கொடுக்கிற சபையாக வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாயிருந்தார். ஏழைகளைக் கொடுக்கச் சொல்வதில் அவர் கூச்சப்படவில்லை. கொடுக்க முடிகிறவர் என்று ஒருவரை நடத்துவது, அவரும் உக்கிராணக்காரர்தான் என்று மதிப்பது.

ஆனால் "விதைத்தால் நூறு மடங்கு" என்ற வாக்குறுதி இதற்கு நேர் எதிரானது. அங்கே கொடுப்பவர் உக்கிராணக்காரராக நிற்பதில்லை, முதலீட்டாளராக நிற்கிறார். தேவன் லாபம் தரக் கடமைப்பட்டவராகிறார். 2 கொரிந்தியர் 8:12, ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறது. கடன் வாங்கிக் காணிக்கை போடச்சொல்கிறவர் இந்த வசனத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

மாற்கு 7இல் இயேசு கடிந்துகொண்ட கொர்பான் வழக்கத்தையும் இங்கே நினைக்கவேண்டும். கொர்பான் என்றால் தேவனுக்கென்று ஒதுக்கப்பட்ட காணிக்கை. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டிய உதவியை, "அது கொர்பான் ஆயிற்று" என்று சொல்லித் தட்டிக்கழித்தார்கள். வயதான அம்மாவுக்குக் கண் சிகிச்சை காத்திருக்க, அந்தப் பணத்தைக் கோபுரத்துக்குக் கொடுப்பது பக்தியாகாது. அந்த அம்மாவும் உங்களிடம் ஒப்புவிக்கப்பட்டவர்.

சுருக்கமாக: எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு எதிலிருந்து கொடுத்தோம், யாரை விட்டுவிட்டுக் கொடுத்தோம் என்பவையும் கணக்கில் வரும்.

கணக்கை ஒப்புவிப்பது

"உன் உக்கிராணக்கணக்கை யொப்புவி" என்பது லூக்கா 16இல் ஓர் எஜமானின் சொல். இதைக் கேட்டாலே பலருக்கு நியாயத்தீர்ப்பு நாள் மட்டும் நினைவுக்கு வருகிறது. அதுவும் உண்மைதான். ஆனால் பவுல் கணக்கை அதுவரை தள்ளிவைக்கவில்லை. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளில் அவர் பணம் சேர்த்தார். அதை எடுத்துச்செல்லும் பொறுப்பைத் தன் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டார். காரணத்தை 2 கொரிந்தியர் 8:20, 21இல் வெளிப்படையாக எழுதுகிறார்: ஒருவரும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம்.

அப்போஸ்தலனே தன்னை இப்படிக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்றால், "கர்த்தருடைய ஊழியனைக் கேள்வி கேட்காதே" என்று சொல்ல இன்று யாருக்கும் உரிமை இல்லை. தலைமுறைகளாக ஏழை விசுவாசிகள் கொடுத்ததில் எழுந்த பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிலங்களும் சபைகளின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றை நிர்வகிக்கிறவர்களும் உக்கிராணக்காரர்களே, முதலாளிகள் அல்லர். ஜனங்களிடம் உக்கிராணத்துவத்தைப் பிரசங்கிக்கிற சபை, தன் கணக்கையும் ஜனங்கள் முன் வைக்கவேண்டும். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. சபையை நேசிப்பதால் எழுதுகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லி, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, கைப்பிரதி ஊழியம், கமிட்டி என்று ஓடி, வீட்டில் பிள்ளையோடு பேச நேரமில்லாமல் போகிறவர் உண்மையுள்ள உக்கிராணக்காரர்தானா? யாத்திராகமம் 18இல் காலைமுதல் சாயங்காலம்வரை தனியாக நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமன் எத்திரோ, நீ செய்கிற காரியம் நல்லதல்ல, நீ தொய்ந்துபோவாய் என்றார். இஸ்ரவேலில் ஏழாம் வருஷம் நிலத்துக்கே ஓய்வு தரவேண்டும் என்ற சட்டம் இருந்தது. உடம்பும் ஒப்புவிக்கப்பட்ட ஒன்றுதான். அதை அடித்துச் செலவழிக்க நமக்கு அனுமதி தரப்படவில்லை.

எங்கே தொடங்குவது

ஒரு மாதம் குடும்பச் செலவை எழுதுங்கள். கொடுத்ததை மட்டும் அல்ல, எல்லாவற்றையும். மாதக் கடைசியில் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து ஜெபத்தோடு அதைப் பாருங்கள், பிள்ளைகளும் பார்க்கட்டும். எதைக் குறைக்கலாம் என்பதைவிட, இதில் யாருக்குப் பங்கு போகாமல் விடுபட்டது என்ற கேள்வி நல்லது.

உங்கள் வரம் எது என்று தெரியவில்லையானால் உங்களையே கேட்டுக்கொண்டிருக்கவேண்டாம். உங்களால் உதவி பெற்ற இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். தொற்காளின் அங்கிகளைக் காட்டியவர்கள் மற்றவர்கள்தான். பதில் கிடைத்ததும் பெரிதாக ஒன்றைத் தொடங்கவேண்டியதில்லை. தெருவில் ஒரு பிள்ளைக்கு வாரம் ஒருமுறை கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், முதியோர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வரலாம்.

சபையின் வருடாந்தரக் கூட்டத்தை அறிவிக்கும்போது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல் உட்காருங்கள். வரவு செலவு வாசிக்கப்படும்போது புரியாத தலைப்பு எது வந்தாலும் எழுந்து, மரியாதையாக, விளக்கம் கேளுங்கள்.